கூடுகை இல்லம்: ஃபிளஷிங் குவேக்கர் இல்லத்தின் மரபுடைமைச் சிறப்பு



மொழியைப் பற்றிய பொழிவு வரிசையில் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில், ஃபிளஷிங் என்னும் பகுதியில், 1694ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு மரக்கட்டடம் அது. குவேக்கர் எனப்படும் கிறித்துவச் சமயக் குழுவினர் வாரந்தோறும் கூடி அமரும் இல்லம். அந்நகர எல்லைக்குள் இன்று நிற்கும் வழிபாட்டு இல்லங்களுள் இதுவே மிகப் பழையது. இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இதைக் கட்டியவர்கள் தாம் நம்பியவற்றைச் சிற்பத்தில் வடிக்கவில்லை, ஓவியத்தில் தீட்டவில்லை. தம் பேச்சில் வைத்தார்கள். எச்சொல்லைக் கொள்வது, எச்சொல்லைத் தள்ளுவது, எப்போது சொல்லின்றி இருப்பது என்பவற்றுக்காகத் தண்டம் செலுத்தினார்கள், சிறையும் சென்றார்கள். ஆதலால் இவ்வில்லத்தின் சிறப்பை உணரக் கட்டடக்கலை அறிவோடு மொழியறிவும் துணை நிற்க வேண்டும்.

1. மரபுடைமை என்னும் சொல்

‘ஹெரிட்டேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிங்கப்பூரில் ‘மரபுடைமை’ என்று வழங்குகிறோம். மலேசியாவிலும் தமிழகத்திலும் ‘பாரம்பரியம்’ என்பது பெருவழக்கு. இரண்டனுள் மரபுடைமை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். விலங்கின் குட்டிக்கும் பறவையின் குஞ்சுக்கும் மரத்தின் உறுப்புக்கும் வழிவழியாக எப்பெயர் வழங்குகிறது என்பதை அவ்வியல் விரிவாகச் சொல்கிறது. தமிழ் இலக்கணத்தில் மரபு என்பது சொல்வழக்கோடு நெருங்கிய உறவுடையது என்பதற்கு இதுவே சான்று. அதனோடு சேர்ந்த ‘உடைமை’ என்பதோ ஒரு வினாவை உள்ளடக்கியது. உடையவர் யார்? கட்டியவரா, இன்று பயன்படுத்துவோரா, ஊராரா, உலகத்தாரா?

பழைய கட்டடங்களை மதிப்பிடுவோர் பெரிதும் கைக்கொள்ளும் நெறிநூல்களுள் ஒன்று, ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான பர்ரா சாசனம். ஓரிடத்தின் பண்பாட்டுச் சிறப்பை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்னும் ஐந்து மதிப்புகளாக அது பகுத்துக் காண்கிறது. ஃபிளஷிங் இல்லம் அழகியல் தலைப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவது போலத் தோன்றும். கட்டியவர்கள் விரும்பியதும் அதுவே. ஏனைய நான்கிலும் அது நிரம்பி வழிகிறது. அதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

2. ஊர் தோன்றிய வரலாறு

ஃபிளஷிங் என்னும் பெயர் ஆங்கிலம் போல ஒலித்தாலும் அதன் வேர் டச்சு மொழியில் உள்ளது. நெதர்லாந்தின் துறைமுக நகரமாகிய விளிசிங்கன் என்பதன் பெயரே ஆங்கிலேயர் நாவில் ஃபிளஷிங் எனத் திரிந்தது. இன்றைய நியூயார்க் அன்று நியூ ஆம்ஸ்டர்டாம். டச்சு மேற்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1645இல் ஆங்கிலக் குடியேறிகள் சிலர்க்கு ஃபிளஷிங்கில் ஊரமைக்கும் உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. ஹாலந்து நாட்டு வழக்கப்படி மனச்சான்றின் உரிமையோடு வாழலாம் என்னும் உறுதி அப்பட்டயத்தில் இடம்பெற்றிருந்தது. பின்னர் நிகழ்ந்தவை யாவும் இந்த ஒரு தொடரின் பொருளைப் பற்றிய வழக்காகவே அமைந்தன.

குவேக்கர் இயக்கம் 1650ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையால் எழுந்தது. ஒவ்வொரு மனிதரிடத்தும் இறைவனின் ஒளி உண்டு, அதனை அடைய இடைநின்று ஓதும் குருமார் தேவையில்லை என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. அவர்கள் தம்மை ‘நண்பர்கள்’ என்றே அழைத்துக்கொண்டனர். ‘குவேக்கர்’ என்றால் நடுங்குவோர் என்பது பொருள். இறைவனின் வாக்குக்கு முன் நடுங்குமாறு ஃபாக்ஸ் தமக்குக் கூறியதைக் கேட்ட நீதிபதி ஒருவர் 1650இல் டார்பி நகரில் ஏளனமாக இட்ட பெயர் அது. இகழ்ச்சிப் பெயர் நிலைத்துப் புகழ்ப்பெயராக மாறுவது மொழிவரலாற்றில் புதிதன்று. பொருளின் உயர்வு சொல்லின் ஒலியில் இல்லை, அதனைச் சுமப்பவர் நடத்தையில் உள்ளது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

3. முறையீடு

1657இல் குவேக்கர் போதகர்கள் டச்சுக் குடியேற்றத்தில் வந்திறங்கினர். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களைப் பிடித்துத் துன்புறுத்தினார். குவேக்கர் எவரையும் வீட்டில் ஏற்கக்கூடாது, ஏற்றால் தண்டம் என்று ஆணை பிறப்பித்தார். அவ்வாணையை எதிர்த்து, 1657 டிசம்பர் 27ஆம் நாள் ஃபிளஷிங் ஊரார் முப்பது பேர் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டனர். எழுதப் பழகாத சிலர் தம் குறியை இட்டனர். ஆவணத்தை எழுதியவர் ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட். அதனை ஆளுநரிடம் கொண்டு சேர்த்தவர் ஊர்க்காவல் அதிகாரி டோபையஸ் ஃபீக்.

ஒப்பமிட்டவர்கள் குவேக்கர்களாக இருந்ததால் எழுந்த முறையீடு அன்று அது. தம்மைச் சாராத பிறர்க்காக ஊரார் பேசினர். அன்பும் அமைதியும் உரிமையும் யூதர்க்கும் துருக்கர்க்கும் எகிப்தியர்க்கும் விரிகின்றன, அவர்களும் ஆதாமின் மக்களே என்னும் கருத்தை அதில் வைத்தனர். எந்த வடிவில், எந்தப் பெயரில், எந்தப் பிரிவில் ஒருவர் தோன்றினாலும் அவரிடத்தில் இறைத்தன்மை காணப்படுமாயின் அவரைப் புண்படுத்தோம் என்றனர். ‘துருக்கர்’ என்பது அக்கால ஐரோப்பிய வழக்கில் முஸ்லிம்களைப் பொதுவாகக் குறித்தது. பழந்தமிழ் ஆவண வழக்கிலும் அச்சொல் அவ்வாறே பொதுப்பெயராக நின்றதை நாம் அறிவோம். தம் ஊரில் இல்லாத மக்களின் பெயர்களையும் அவ்வூரார் எழுதினார்கள் என்பது கருதத்தக்கது. கண்முன் நிற்கும் ஒருவர்க்கு மட்டும் உரிமை கேட்டிருந்தால் அது சலுகை; காணாதவர்க்கும் சேர்த்துக் கேட்டதால் அது நெறியாயிற்று.

இவ்வாவணம் ‘ரெமான்ஸ்ட்ரன்ஸ்’ எனப்படும். ‘எடுத்துக் காட்டுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் இதற்கு ‘விண்ணப்பம்’ பொருந்தாது; அது கீழிருந்து மேல்நோக்கி வேண்டுவது. ‘கண்டனம்’ என்பதும் பொருந்தாது. அது எதிர்ப்பை மட்டுமே சொல்வது. ‘முறையீடு’ என்பதே பொருந்தும். முறை என்றால் ஒழுங்கு, நீதி. முறையிடுதல் என்பது ஆள்வோர்முன் அந்த முறையை எடுத்து வைத்து, அது பிறழ்ந்துள்ளது என்று காட்டுதல். ஃபிளஷிங் ஊரார் செய்தது அதுவே. தம் பட்டயத்தில் உள்ள சொற்களையே ஆளுநர்முன் வைத்தார்கள்.

விளைவு கடுமையாக இருந்தது. ஹார்ட் சிறையிலிடப்பட்டார், ஃபீக் பதவி இழந்தார், ஊர்க்கூட்டத்தின் உரிமைகள் குறைக்கப்பட்டன. முறையீடு அன்று தோற்றது. ஆயினும் தாள் பிழைத்தது. ஆல்பனி நகரில் 1911இல் நிகழ்ந்த தீயில் ஓரங்கள் கருகியும், அது நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. முந்நூறாம் ஆண்டாகிய 1957இல் அமெரிக்க அஞ்சல் துறை சமய உரிமையைப் போற்றும் அஞ்சல்தலை ஒன்றை அதன் நினைவாக வெளியிட்டது.

4. அடுக்களையில் தொடங்கிய வழிபாடு

ஆங்கிலக் குடியேறியாகிய ஜான் பௌன் 1661ஐ ஒட்டி ஃபிளஷிங்கில் வீடு கட்டினார். குவேக்கர்கள் காட்டில் மறைவாகக் கூடுவதைக் கண்டு அவர்களைத் தம் வீட்டில் கூடுமாறு அழைத்தார். தாமும் அவர்களுள் ஒருவரானார். 1662இல் அதற்காகக் கைது செய்யப்பட்டார். தண்டத்தைச் செலுத்த மறுத்தார். தண்டம் செலுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் நிலைப்பாடு. சிறையிலிருந்தவரை ஆளுநர் நாடு கடத்தினார். பௌன் ஆம்ஸ்டர்டாம் சென்று கும்பினியின் இயக்குநர்கள்முன் தம் வழக்கை எடுத்துரைத்தார். 1663இல் இயக்குநர்கள் ஸ்டைவசன்டுக்கு மடல் எழுதினர். பிறர்க்குத் தீங்கின்றி ஒழுகும்வரை ஒருவர் மனச்சான்றை வற்புறுத்தலாகாது என்பது அதன் சாரம். 1664இல் பௌன் ஊர் திரும்பினார். அவ்வாண்டிலேயே குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

கும்பினியின் மடலில் வணிகக் கணக்கும் கலந்திருந்தது. ஆள் குறைந்த குடியேற்றத்துக்கு மக்கள் வரவேண்டும். கடுமை காட்டினால் வரமாட்டார்கள். உரிமையின் வரலாற்றில் அறமும் ஆதாயமும் ஒரே படகில் வந்த இடங்கள் பல. அதனால் கிடைத்த உரிமையின் மதிப்புக் குறைந்துவிடாது.

1672இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஃபிளஷிங் வந்தபோது பௌன் இல்லத்துக்கு எதிரே இருந்த ஓக் மரங்களின் நிழலில் உரையாற்றினார். அதற்குப் பின்னும் இருபது ஆண்டுக்கு மேலாகப் பௌன் இல்லமே கூடுமிடமாக இருந்தது. 1689இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சகிப்புச் சட்டத்தை இயற்றியபின் நிலைமை தளர்ந்தது. 1692இல் பௌனும் ஜான் ராட்மன் என்பாரும் நிலம் வாங்கினர். 1694இல் இல்லம் எழுந்தது. மறு ஆண்டு பௌன் மறைந்தார். காடு, அடுக்களை, பொது இல்லம் என்னும் மூன்று படிகளும் ஒரே மனிதரின் வாழ்நாளில் அடங்கின. ஒளிந்து கூடியவர்கள் வெளிப்படையாகக் கூரை வேய்ந்ததே இக்கட்டடத்தின் முதல் வரலாற்று மதிப்பு.

5. கட்டடம் காட்டுவது

இல்லம் மரச்சட்டத்தாலானது. ஏறத்தாழ நாற்பது அடி நீளமுள்ள ஓக் உத்திரங்கள் கையால் செதுக்கப்பட்டவை. சுவர்களுக்கு மரச்சில்லுகள் போர்த்தப்பட்டுள்ளன. நாற்புறமும் சரியும் கூரை, சுவரின் உயரத்துக்கு நிகராக எழுந்து நிற்கிறது. 1716 முதல் 1719 வரை இடம் போதாமையால் கட்டடம் பெரிதாக்கப்பட்டது. கோபுரம் இல்லை; மணி இல்லை; வண்ணக் கண்ணாடி இல்லை; பலிபீடம் இல்லை; குருவுக்கு மேடை இல்லை. உள்ளே இருப்பவை மர விசிப்பலகைகள் மட்டுமே.

இன்று போக்குவரத்து மிகுந்த நார்தர்ன் பொலிவார்டு சாலையில் நடந்து செல்வோர் காண்பது இல்லத்தின் முதுகைத்தான். அதன் முகம் தெற்கு நோக்கி, கதிரொளி விழும் பக்கமாக, இடுகாட்டைப் பார்த்து அமைந்துள்ளது. சாலையில் செல்வோர்க்குத் தன்னைக் காட்ட வேண்டும் என்னும் எண்ணமே கட்டியவர்களிடம் இல்லை. அந்த இடுகாட்டில் தொடக்க காலத்தவர்க்குப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. இறந்தபின் ஒருவரை மற்றவரினும் உயர்த்திக் காட்டலாகாது என்பது அவர்கள் கொள்கை. ஜான் பௌனும் அங்கே அவ்வாறே உறங்குகிறார். பெயரில்லாக் கல்லறையும் ஒரு கூற்றே. அதனைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 முதல் 1783 வரை, பிரித்தானியப் படையினர் இல்லத்தைக் கைப்பற்றிச் சிறையாகவும் பண்டசாலையாகவும் மருத்துவமனையாகவும் பயன்படுத்தினர். போர் முடிந்ததும் நண்பர்கள் மீண்டும் வந்து அமர்ந்தனர். 1967இல் தேசிய வரலாற்றுச் சின்னம், 1970இல் நியூயார்க் நகரச் சின்னம் என்னும் சட்டப் பாதுகாப்புகள் கிடைத்தன.

6. கோயில், பள்ளி, பொதியில்

இவ்வில்லத்தைக் குவேக்கர்கள் தேவாலயம் என்று சொல்வதில்லை. தேவாலயத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லை அவர்கள் மக்கள் திரளுக்கே உரியதாகக் கருதினர். கல்லும் மரமும் அப்பெயர் பெறா. பிறர்தம் ஆலயங்களை ‘கோபுர வீடு’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். தமது கட்டடத்தை ‘மீட்டிங் ஹவுஸ்’ என்றனர். கூடும் வீடு, அவ்வளவே.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு சொல்வது? ‘கோயில்’ என்பது கோ, இல் என்னும் இரண்டும் சேர்ந்தது. தலைவன் உறையும் இல்லம். அங்கே இருப்பவர் இறைவன், செல்பவர் நாம். ‘பள்ளி’ என்பது சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்து, பின் கல்விக்கூடத்துக்கும், பள்ளிவாசல் என முஸ்லிம்களின் தொழுகையிடத்துக்கும் விரிந்த சொல். இவை இரண்டினும் குவேக்கர் கருத்துக்கு அண்மையது பழந்தமிழ்ப் ‘பொதியில்’. பொது, இல் என்னும் இரண்டும் சேர்ந்து ஊரார் கூடும் பொது இடத்தைக் குறித்தது. இன்று அச்சொல் மலையின் பெயரோடு மயங்கும். எனவே ‘கூடுகை இல்லம்’ என்று இப்பொழிவில் ஆள்கிறேன். வழிபாட்டிடம் என்பது இறைவன் இருக்கும் இடமா, மக்கள் கூடும் இடமா என்னும் வேறுபாடு இச்சொற்களுக்குள்ளேயே உறைந்திருப்பதைக் காணலாம்.

7. ‘நீ’ என்று சொன்ன குற்றம்

இனி மொழியியலாளர்க்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கு ‘தௌ’, பன்மைக்கு ‘யூ’ என இரு சொற்கள் இருந்தன. பன்மைச் சொல்லாகிய ‘யூ’ மேலோர் ஒருவரை விளிக்கும் மரியாதைச் சொல்லாகவும் வழங்கியது. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றதே. தமிழிலும் பன்மையாகிய ‘நீர்’ மரியாதை ஒருமையாயிற்று; பிறகு ‘நீங்கள்’ அவ்விடத்தைப் பிடித்தது. பன்மையால் ஒருவரைப் பெருக்கிக் காட்டுவது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் உத்தி.

குவேக்கர்கள் இதனை மறுத்தனர். ஒருவர் ஒருவரே, ஆகவே அரசர் முதல் ஏவலர்வரை எவரையும் ‘தௌ’ என்றே விளித்தனர். ஒருமையைப் பன்மையாகச் சொல்வது பொய், மேலோர்க்கு ஒரு சொல், கீழோர்க்கு ஒரு சொல் என்பது இறைவன்முன் யாவரும் நிகர் என்னும் உண்மைக்கு மாறு என்று இரு காரணங்கள் காட்டினர். இதற்காகவே 1660இல் ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகிய மூவர் ‘பேட்டில்டோர்’ எனத் தொடங்கும் தலைப்புடைய நூலை வெளியிட்டனர். இலத்தீனம், கிரேக்கம், எபிரேயம் உள்ளிட்ட பல மொழிகளில் முன்னிலை ஒருமையும் பன்மையும் வேறுபடுவதை அட்டவணையிட்டுக் காட்டும் நூல் அது. சமயக் கொள்கைக்காக ஒப்பிலக்கண அட்டவணை வகுத்த அரிய நிகழ்ச்சி.

இதன் விலை வீட்டுக்குள்ளும் செலுத்தப்பட்டது. மில்டனின் நண்பராகிய தாமஸ் எல்வுட், தந்தையை ‘தௌ’ என்று விளித்ததற்காக அவர் கையால் அடிபட்டதைத் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எவர்க்கும் அத்தந்தையின் சினம் விளங்கும். 1960இல் ராஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் முன்னிலைப் பெயர்களின் அதிகாரத்தையும் நெருக்கத்தையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் குவேக்கர் வழக்கு இடம்பெற்றது.

நம் மரபில் ஒரு நுட்பம் உண்டு. சங்கப் புலவர்கள் வேந்தனை ‘நீ’ என்றே விளித்தனர். பக்தர்கள் இறைவனையும் ‘நீ’ என்றே அழைத்தனர், இன்றும் அழைக்கிறோம். மிக உயர்ந்த இடத்துக்கும் மிக நெருங்கிய இடத்துக்கும் ஒரே சொல் என்பது நம் மொழி அறிந்த உண்மை. குவேக்கர்கள் இறைவனுக்கு உரிய அந்தச் சொல்லை எல்லார்க்கும் கொடுத்தார்கள்.

8. எண்ணால் அமைந்த நாளும் மாதமும்

கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் பழைய தெய்வங்களின் பெயர்கள் இருந்ததால் குவேக்கர்கள் அவற்றை விலக்கினர். ஞாயிறு ‘முதல் நாள்’, திங்கள் ‘இரண்டாம் நாள்’ என எண்ணிட்டனர். மலாய் மொழியைச் செவிமடுத்து வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் என்பன அரபு எண்ணுப் பெயர்களின் வழிவந்தவை. ஜுமாஅத் என்பதோ கூடுகை என்னும் பொருளுடையது. சீனத்திலும் கிழமைகள் எண்ணாலேயே அமைகின்றன.

மரபுடைமை ஆய்வாளர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1752க்கு முந்தைய ஆங்கில நாட்காட்டியில் ஆண்டு மார்ச்சில் பிறந்தது. எனவே அக்காலக் குவேக்கர் ஏட்டில் ‘ஒன்பதாம் மாதம்’ என்றிருந்தால் அது நவம்பர், செப்டம்பர் அன்று. நவம்பர் என்னும் சொல்லிலேயே ஒன்பது என்னும் இலத்தீன் எண் ஒளிந்திருப்பதும் இதனால் விளங்கும். இவ்வில்லத்தில் நிகழ்ந்த முதற் கூடுகையின் மாதமும் நவம்பரே. மொழிவழக்கு அறியாதவர் கட்டடத்தின் வயதையே பிழையாகக் கணித்துவிடக்கூடும்.

ஆணையிட்டு உரைப்பதையும் அவர்கள் மறுத்தனர். ஆணையிடும்போது மட்டும் உண்மை பேசுவேன் என்றால் மற்ற வேளைகளில் பேசுவது என்ன என்பது அவர்கள் வினா. 1690களில் இங்கிலாந்துச் சட்டம் அவர்கட்கு ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூற இடம் தந்தது. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் சாட்சி சொல்வோர் உறுதிமொழி கூறும் வழக்கத்துக்குப் பின்னே இந்தப் பழைய பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

9. மௌனமும் குறிப்பேடும்

கூடுகை இல்லத்தில் வழிபாடு என்பது ஒன்றாக அமர்ந்து மௌனமாயிருப்பது. உள்ளத்தில் உந்துதல் எழுந்தவர் எழுந்து சில சொற்கள் பேசலாம். ஆணும் பேசலாம், பெண்ணும் பேசலாம். பேசியபின் மீண்டும் மௌனம். தனியே மௌனமாயிருக்கும் துறவு மரபு நமக்குப் பழக்கமானது. பலர் கூடி மௌனமாயிருப்பது வேறு வகையினது. அது ஒருவர்க்கொருவர் செவிகொடுக்கும் பயிற்சி.

அலுவல் கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. பேசியவற்றிலிருந்து கூட்டத்தின் ஒருமித்த கருத்தை எழுத்தர் உணர்ந்து எழுதுவார். அவையோர் ஏற்றால் அது முடிவு. இவ்வாறு எழுதப்பட்ட நியூயார்க் வட்டாரத்து ஏடுகள் இப்போது பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியிலுள்ள நண்பர்கள் வரலாற்று நூலகத்தில் பேணப்படுகின்றன. இல்லம் ஓரிடத்திலும் அதன் சொற்கள் ஓரிடத்திலும் உள்ளன. இரண்டையும் சேர்த்தே மரபுடைமை எனல் வேண்டும்.

அவ்வேடுகளில் பெருமைக்குரியவை மட்டும் இல்லை. மனச்சான்றின் உரிமைக்காகத் துன்புற்ற இம்மக்களுள் அடிமைகளை வைத்திருந்தவர்களும் இருந்தனர். 1696 முதல் நியூயார்க் நண்பர்களின் ஆண்டுக் கூடுகை ஃபிளஷிங்கில் நடந்து வந்தது. ஃபிளஷிங்கைச் சேர்ந்த வில்லியம் பர்லிங் 1718இல் அடிமை முறைக்கு எதிராக எழுதினார். அவர் எழுதியதை 1737இல் பெஞ்சமின் லே தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். ஆயினும் அடிமைகளை உடையவரை ஏற்பதில்லை என்னும் முடிவுக்கு ஆண்டுக் கூடுகை வந்தது 1770களில்தான். எல்லாரும் ஒருமிக்கும்வரை காத்திருக்கும் முறையின் அழகு இதில் தெரிகிறது. அந்தக் காத்திருப்பின் விலையைச் செலுத்தியவர்கள் அந்த விசிப்பலகைகளில் அமராதவர்கள் என்பதும் தெரிகிறது. உடைமை என்னும் சொல்லின் கசப்பான பொருளும் இவ்வில்லத்தின் வரலாற்றில் உண்டு. அதனை நீக்கிவிட்டுச் சொல்லும் மரபுடைமை புகழுரையாகுமே தவிர வரலாறாகாது.

10. பௌன் தெருவில் பிள்ளையார்

ஜான் பௌனின் பெயர் தாங்கிய பௌன் தெரு ஃபிளஷிங்கில் இன்றும் உள்ளது. அத்தெருவில் 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது மகா வல்லப கணபதி தேவஸ்தானம். அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் பணியாற்றிய தமிழராகிய அழகப்பா அழகப்பன். அவ்வட்டாரத்திலேயே பள்ளிவாசலும் குருத்வாராவும் யூதத் தொழுகைக்கூடமும் பல்வேறு கிறித்துவ ஆலயங்களும் உள்ளன. 1657இல் முறையீட்டில் ஒப்பமிட்டவர்கள் நம்மை அறியார். நம் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லை. ஆயினும் எந்த வடிவில், எந்தப் பெயரில் வந்தாலும் என்று அவர்கள் திறந்து வைத்த வாயிலில் நம்மவரும் நுழைந்துள்ளனர். இதுவே இவ்வில்லத்தின் சமூக மதிப்பு.

இறுதியாக ஒரு செய்தி. 1694இன் உத்திரங்கள் இன்றும் நிற்கின்றன. நண்பர்கள் இன்றும் அங்கே கூடுகிறார்கள். ஆனால் அவர்கள் அடிபட்டும் விடாது காத்த அந்த ஒருமைச் சொல் இன்று அவர்கள் நாவிலும் அரிதாயிற்று. சுற்றியிருந்த ஆங்கிலம் ‘தௌ’ என்பதையே கைவிட்டு, எல்லாரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கியது. அவர்கள் விரும்பிய சமன்பாடு அவர்கள் எதிர்த்த சொல்லின் வழியாகவே வந்து சேர்ந்தது. எளிய பேச்சு காலப்போக்கில் குழுவின் அடையாளமாகச் சுருங்கி, இளையோர்க்கு வேற்றுமொழி போல் ஆகி, மெல்ல மறைந்தது. சின்னமென அறிவித்துக் காக்கச் சட்டம் கட்டடத்துக்கு இருந்தது, சொல்லுக்கு இல்லை.

மொழியை மரபுடைமை என்று போற்றும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடத்தைப் பூட்டி வைத்தும் காக்கலாம். மொழியை அவ்வாறு காக்க இயலாது. நாள்தோறும் ஒருவர் மற்றவரிடம் பேசினாலன்றி அது நில்லாது. ஃபிளஷிங் இல்லமும் பூட்டி வைத்ததனால் நிற்கவில்லை. முந்நூற்று முப்பது ஆண்டுகளாக, போர்க்காலம் நீங்கலாக, வாரந்தோறும் யாரோ சிலர் கதவைத் திறந்து உள்ளே சென்று அமர்ந்ததனால் நிற்கிறது. நம் தமிழ்க்கும் வேண்டுவது அத்தகைய வாரந்தோறும் கதவைத் திறக்கும் சிலர். அவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்பட வேண்டும் என்பதில்லை.